துறைமுகத்துக் கூலியும் சீர்திருத்தமும்

கைத்தொழிற் புரட்சி என்றதும் மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலைகளும் அவற்றின் புகைபோக்கிகளுமே நம்முள் பலருக்கு நினைவில் எழுகின்றன. பள்ளிப் புத்தகங்களும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. ஆனால் அப்புரட்சி நம் திருக்கோணமலையைத் தீண்டாமல் விட்டுவிடவில்லை. ஆலையாக வராமல் போர்க்கப்பலாக வந்தமையால் அதனை நாம் அடையாளங் காணத் தவறிவிட்டோம்.

நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு நிலக்கரி ஏற்றவும் பழுது பார்க்கவும் கீழைக் கடல்களில் துறைகள் வேண்டியிருந்தன. நமது துறைமுகம் அவற்றுள் ஒன்று. ஜெர்மனியை அஞ்சித் தன் கப்பல்களைத் தாயகக் கடலில் குவிக்கக் கருதிய இலண்டன் கடற்படைத் தலைமை, 1905 இல் இங்கிருந்த கப்பற் பட்டறையை மூடிவிட்டது. முதலாம் உலகப் போரின் பின்னர் கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறவே, அதே கடற்படை திரும்பி வந்து சீனக்குடாக் காட்டினுள்ளே பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டத் தொடங்கிற்று. 1927 இல் புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது.

பருவக்காற்றையும் பயிரையும் பார்த்து நாளைக் கணித்த மக்களிடையே மணியடித்தால் வேலை, மணியடித்தால் ஓய்வு என்ற புதிய வாழ்வு புகுந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் எனப் பல திறத்தாரும் ஒரே இடத்தில் உழைத்தனர். இதனாற் சாதி வேற்றுமை தானே கரைந்திருக்கும் என்று சிலர் எழுதுவதுண்டு. நாம் அதனை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். வேலைத்தலத்தில் ஒரே கயிற்றை இழுத்த கைகள், ஊருக்குத் திரும்பியதும் ஒரே கிணற்றில் நீர் அள்ள இயலாதிருந்ததே அக்காலத்து நிலை. இயந்திரம் கூலியைக் கொடுத்தது, மதிப்பைக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர், அறியாத கூலியாள் என்ற புதிய பிரிவொன்றும் முளைத்தது!

இந்தப் பிரிவைத் தொட்ட முதல் சீர்திருத்தம் கல்வியே எனலாம். தாங்கிகள் எழும்பிய அதே ஆண்டுகளில், 1925 ஐ அடுத்து, இராமகிருஷ்ண மிஷன் இங்குள்ள இந்துப் பாடசாலையைப் பொறுப்பேற்றது. சுவாமி விபுலாநந்தர் அதன் தலைமையாசிரியராக அமர்ந்தார். எனினும் ஆங்கிலக் கல்வி கட்டணத்துக்குரியதாகவே நாட்டில் நிலவிற்று. கூலியாளின் பிள்ளைக்கு அக்கதவை அகலத் திறந்தது 1945 இல் வந்த இலவசக் கல்வி.

தொழிலாளர் இயக்கமோ வேறு வழியாக வந்தது. கடலுக்கு அப்பால், 1918 இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பிறப்பு நம் போன்ற சங்கத்தார் ஊன்றி நோக்கத்தக்கது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபையில் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர் கூடுவர். ஆழ்வார் கதை கேட்க வந்தவர்கள் தம் ஆலைக் கதையையும் சொல்லத் தொடங்கினர். உணவு வேளை போதாமையும் மேலாளரின் கடுமையும் அங்கே பேச்சாயின. திரு. வி. க.வும் வாடியாவும் துணைநிற்க, அச்சபையின் நிழலிலே சங்கம் தோன்றியது.

இலங்கையில் ஏ. ஈ. குணசிங்கா 1922 இல் தொழிற்சங்கம் அமைத்தார்; 1923 இல் பொது வேலைநிறுத்தமும், 1927 இல் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. இனபேதமின்றித் தொழிலாளரை ஒன்றுசேர்த்த அதே தலைவர், 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தபோது மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். பல இனத்தார் கலந்து வாழும் துறைமுக ஊரார் இதனை மறத்தல் ஆகாது. எவ்வாறாயினும் சட்டங்கள் வந்தன: 1934 இல் விபத்துக்கான நட்டஈடு, 1935 இல் தொழிற்சங்கப் பதிவு, 1941 இல் சம்பளச் சபைகள்.

1942 ஏப்ரில் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கின. தாங்கியொன்று பல நாள் எரிந்தது. போர் நடந்த வரை வேலைக்குக் குறைவில்லை. 1957 அக்டோபர் 15 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் சுதந்திரத்துக்கு அது பெருமை. மூத்தோர் சிலருக்கு அந்நாள் நினைவிருக்கவுங் கூடும். ஆனால் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது அடுப்பைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளி முதலாளியின் வாசலில் நின்று கேட்கலாம். நம் தொழிலாளியின் முதலாளியோ கடல்கடந்த ஓர் அலுவலகம். 1905 இலும் அப்படி, 1957 இலும் அப்படி. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில், 1958 இல்.

99 தாங்கிகள் இன்னும் நிற்கின்றன. 2022 சனவரியில் அவற்றுள் 61 ஐக் கூட்டு நிறுவனமொன்றின் கீழும், 24 ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 14 ஐ லங்கா ஐ. ஓ. சி.யிடமும் வைக்க உடன்பாடு கையெழுத்தாயிற்று. தாங்கிக் கணக்கு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அங்கே வேலைக்குச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிரந்தர ஊழியராவரா, ஒப்பந்தக் கூலிகளாவரா என்பதையே நாம் கேட்கிறோம்.