ஊசியா, கத்தியா? மூலநோய்ச் சிகிச்சையின் ஒரு பழைய வழக்கு

மூலநோய்க்கு நான்கு வழிகளைக் கூறுகிறது சுசுருத சம்ஹிதை: மருந்து, காரம், சூடு, சத்திரம். அண்மையில் தோன்றியதற்கு மருந்து. மென்மையாகப் பரந்து துருத்தியதற்குக் காரம். கடினமாகத் தடித்ததற்குச் சூடு. மெல்லிய அடியுடையதற்குக் கத்தி. எது சிறந்தது என்றன்று, எதற்கு எது என்றே அந்நூல் பிரித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கேள்வி திரிந்தது. 1871இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மிட்செல் என்பவர் கார்பாலிக் அமிலத்தை ஆலிவ் எண்ணெயில் கலந்து மூலத்துக்குள் செலுத்தினார். கலவையில் மூன்றில் ஒரு பங்கு அமிலம்! செய்முறை இரகசியமாக விலைபோக, ஊர் ஊராகத் திரிந்த வைத்தியர்கள் அதைக் கையாண்டனர். சிகாகோவின் அறுவை மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் 1879இல் 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 13 பேர் இறந்திருந்தனர். ஊசிக்கு வந்த இழிபெயருக்கு அமிலத்தின் செறிவு பாதிக் காரணம், இரகசியம் மறுபாதி. பின்னர் வாதுமை எண்ணெயில் 5 விழுக்காடு பீனால் என்று அளவும், வலியுணர்வு குன்றிய மேற்பகுதியில் சளிச்சவ்வுக்கு அடியில் என்று இடமும் வரையறுக்கப்பட்ட பிறகே மருத்துவமனைகள் அதை ஏற்றன. தமிழகச் சுவர்களில் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும்' என்று எழுதி, ஊசியில் இருப்பது இன்னதென்று சொல்லாதவர்களை மிட்செலின் வாரிசுகள் எனலாம்.

கத்தியின் பக்கம், இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் 1937இல் வெளியிட்ட முறை இன்றும் அளவுகோல். முற்றிய மூலத்துக்கு அதுவே உறுதியானது. நோய் திரும்புவது குறைவு, வலியோ மிகுதி. இரத்தம் மட்டும் கசியும் தொடக்க நிலைக்கு ஊசி போதும். வலி சிறிது, ஆனால் நோய் மீள்வது உண்டு.

இத்தராசில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் மற்றொரு எடைக்கல்லை வைக்கின்றன: தூரம். பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து, உயர் சிகிச்சைக்குரிய ஜி. பி. பந்த் மருத்துவமனை உள்ள போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஊசி எளிதுதான், ஆனால் சில வாரங்களில் மறுமுறை போட நேரலாம், ஆகவே மீண்டும் கப்பல். அறுவை ஒரே பயணத்தில் முடியும். ஆயினும் ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும் என்பதால், உடனே ஊர் திரும்புவதும் இடர். பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது வரும் என்பதையும் சேர்த்தே அங்குள்ள நோயாளி தம் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.