மங்கும் படமும் மங்காத பதிவும்

புகைப்பட வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் வெள்ளியின் வரலாறு. இலைச்சாறும் பூச்சாறும் அதில் ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால், வேதியியல் மட்டும் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

1842இல் ஜான் ஹெர்ஷல் பூச்சாற்றைத் தாளில் பூசி, வெயிலில் வைத்து உருவம் எடுத்தார். 'ஆந்தோடைப்' என்று அதற்குப் பெயர். வெயில் பட்ட இடம் வெளுக்கும். மறைக்கப்பட்ட இடத்தில் நிறம் தங்கும். மேரி சோமர்விலும் தாவரச் சாறுகளில் இப்படிச் சோதனை செய்தார். பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத ராயல் சொசைட்டி, அவர் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தின் பகுதியாகத்தான் 1846இல் அதை அச்சிட்டது. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று 1819லேயே கண்டவர் ஹெர்ஷல். வெள்ளிப் படம் நிலைத்தது அதனால்தான். பூவின் படத்தை நிலைக்கவைக்க அவராலும் முடியவில்லை.

நிலைக்காத படம் யாருக்கு உதவாது? அரசுக்கு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டையைப் படத்தொகுதியாக்கினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். சேர்வராயன் மலையின் மலையாளிகளும் (கேரளத்தார் அல்ல, தமிழ் பேசும் மலைக்குடிகள்) அதில் ஒரு பதிவு. மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடு கேமராவும் தர்ஸ்டனின் ஆய்வுமுறையில் சேர்ந்தே வந்தது. மங்கிப்போகிற படத்தை வைத்து யாரை வகைப்படுத்த முடியும்?

இன்று 'தாவரப் புகைப்படம்', 'சூழலுக்கு இசைந்தது' என்ற சொல்லாடலோடு பட்டறைகள் உலகெங்கும் நடக்கின்றன. காப்பித்தூளும் சலவைசோடாவும் கலந்து ஃபிலிம் கழுவும் 'காஃபினால்' முறை 1995இல் அமெரிக்காவின் ராச்சஸ்டரில் உருவானது. ஏற்காட்டுக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் இம்மலைக்குக் காப்பி வந்ததே 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் வழியாக. தோட்டங்கள் பரவிய கதையும் அந்தக் காப்பியிலேயே இருக்கு. மேலும் கழுவுவதுதான் காப்பி. ஃபிலிமில் இருப்பது அதே வெள்ளியும் மாட்டெலும்பு ஜெலட்டினும்தான். உதகையில் 1960இல் நிறுவிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் மூடியாச்சு. ஃபிலிம் இப்போது இறக்குமதிச் சரக்கு. எல்லாருக்கும் எட்டக்கூடியது என்று இதை எப்படிச் சொல்வது?

ஆந்தோடைப் அப்படியில்லை. மஞ்சள், பீட்ரூட், கீரை, ஒரு தாள், ஒரு கண்ணாடி போதும். இருட்டறை வேண்டாம், கரண்ட் வேண்டாம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்குப் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போயிடும். இதையோ காலையில் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து பார்க்கலாம். மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும். மற்றவற்றுக்கு நாள்கணக்கில் ஆகும்.

ஆனால் கோடைவிழாவில் சுற்றுலாக்காரருக்கான இன்னொரு ஸ்டாலாக இது முடிந்துபோகவும் கூடும். பழைய ஆவணப் படங்களை இலைச்சாற்றில் மறுபடி அச்சிட்டு 'மீட்டெடுத்தோம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சாறு மாறினாலும் பார்வை தர்ஸ்டனுடையதுதான். தாளின்மேல் எதை வைப்பது, படத்தை யாருக்குக் காட்டுவது, எப்போது மங்கவிடுவது என்ற மூன்றையும் மலைக்காரர்களே முடிவுசெய்ய வேண்டும். கண்ணும் கைரேகையும் ஆதாரில் பதிந்துபோன காலத்தில், தன் உருவத்தை வெயிலில் வைத்து அழித்துக்கொள்ள முடிவது சின்ன உரிமையில்லை.