மூளை அறுவைக் கலையும் சிங்கப்பூரும்
டாக்டர் கோபால் பாரதம் நடந்த நெடுவழி

எந்த ஒரு கலையும் ஒரு நாட்டிலே வேரூன்ற வேண்டுமாயின் மூன்று பொருத்தங்கள் அமைதல் வேண்டும். கற்பதற்கு ஓர் இடம் வேண்டும். கற்பிப்பதற்கு ஆசான் வேண்டும். கற்றவனை ஏற்றுப் பயன்கொள்ளும் ஊர் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையாத காலத்தில், அக்கலையை நாடுவோன் கடல் கடந்து செல்லுதலன்றி வேறு வழியில்லை. சிங்கப்பூரில் மூளை அறுவை மருத்துவம் வளர்ந்த வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும். அவ்வளர்ச்சியை டாக்டர் கோபால் பாரதம் என்பாரின் வாழ்க்கையைக் கொண்டே அளந்தறியலாம்.

சிராங்கூன் சாலையில் பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் கடந்து, சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் அப்பால் நடப்போர் பாலஸ்டியர் சாலைச் சந்திப்பை அடைவர். வணிகர் டான் டோக் செங்கின் கொடையால் 1844ஆம் ஆண்டில் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏழையர் மருத்துவமனை, பின்னர் இச்சந்திப்பை ஒட்டிய நிலத்திற்கு மாறியது. 1909ஆம் ஆண்டில் மௌல்மீன் சாலைப் பகுதிக்குச் சென்றது. நாதியற்ற நோயாளிகளுக்கென எழுந்த அம்மருத்துவமனையின் மூளை அறுவைத் துறைக்குப் பிற்காலத்தில் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரே பாரதம்.

கல்லூரி பிறந்த கதை

மருத்துவரை உருவாக்கும் பள்ளி இத்தீவில் தோன்றியதே 1905ஆம் ஆண்டில்தான். டான் ஜியாக் கிம் முதலிய ஊர்ப் பெரியோர் அரசுக்கு விண்ணப்பம் செய்து, 87,077 வெள்ளி திரட்டியும் தந்தனர். சிப்பாய் லைன்ஸில் பெண் மனநோயாளிகளுக்கென முன்பு பயன்பட்ட பழங்கட்டடத்தில், 23 மாணவருடன் பாடம் தொடங்கிற்று. மனநோயாளிகளை ஒதுக்கி வைத்த சுவர்களுக்குள்ளே உடலையும் மூளையையும் பற்றிய கல்வி புகுந்தது எண்ணத்தக்கது. அப்பள்ளி 1921இல் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த பாரதத்தின் தந்தையார் மருத்துவர், தாயார் தாதி. ஆகவே நோயும் மருந்தும் அவருக்கு இல்லத்திலேயே அறிமுகமானவை. 1954இல் பல்கலைக்கழகம் புகுந்து, 1960இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயின் பட்டம் பெற்றவர் அனைவரும் மண்டையோட்டைத் திறக்கத் தகுதியுடையோர் ஆகார். அதற்கு முதலில் பொது அறுவையில் தேர்ச்சி வேண்டும். அதன்பின் மூளைக்கும் தண்டுவடத்திற்குமெனத் தனிப் பயிற்சி வேண்டும். அக்காலத்தில் அப்பயிற்சியை நாடிய சிங்கப்பூர் மருத்துவர் பெரும்பாலும் பிரிட்டனுக்கே சென்றனர். பாரதமும் 1960களில் லண்டனிலும் எடின்பரோவிலும் பயின்றார்.

கண்ணால் காணாததைக் கருத்தால் காணல்

அன்றைய பயிற்சியின் அருமையை இன்றுள்ளோர் எளிதில் உணரார். மூளையின் உட்பகுதியைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி பரிசோதிக்கப்பட்டது 1971ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் ஒரு மருத்துவமனையில்தான். அதற்கு முன் மூளைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை உண்டு. அதனை 1918இல் வெளியிட்டவர் அமெரிக்கராகிய டாண்டி. குருதிக் குழாயில் மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறையை 1927இல் கண்டவர் போர்த்துக்கீசியராகிய மோனிஸ். இவ்விரண்டும் நோயாளியை வருத்துவன. சில வேளை ஆபத்தும் விளைப்பன.

ஆதலின் மருத்துவர் முதன்மையாக நம்பியது தம் அறிவையே. வலக்கை தளர்ந்தால் மூளையின் இடப்புறத்தை ஐயுற வேண்டும். பேச்சும் உடன் குழறுமாயின் அவ்வையம் வலுப்படும். மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டியாகும். அடிபட்டு உள்ளே குருதி திரண்டால் நசுங்குவது மூளையே. அவ்வேளையில் ஒரு கண்ணின் மணி மட்டும் விரிந்து நிற்குமாயின், பெரும்பாலும் அப்பக்கத்திலேயே துளையிட்டுக் குருதியை வெளியேற்றல் வேண்டும். தாமதித்தால் உயிர் போகும்; பிறழ்ந்தால் பேச்சோ பார்வையோ போகும். இத்தகைய தீர்ப்பு நூலினால் மட்டும் வாராது. ஆசானின் அருகே ஆண்டுக்கணக்கில் நின்று பழகினாலன்றிக் கைவராது.

சென்னையும் வேலூரும்

இதே வழியைத் தமிழகத்தில் சற்று முன்னரே நடந்தவர்களும் உண்டு. கனடாவில் மேதை பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி, 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். தேர்ந்து, நியூகாசிலில் பயிற்சி பெற்று, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பணி தொடங்கினார். இவ்விருவரும் வேறு சிலரும் கூடி 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். கடல் கடந்து கற்றோர் தாயகம் திரும்பி மாணவரை உருவாக்கியதனால், பின்வந்தோர்க்கு உள்நாட்டிலேயே வழி திறந்தது.

மீண்டும் மாணவர்

பாரதம் 1972இல் தாம்சன் சாலைப் பொது மருத்துவமனையில் சேர்ந்தார். கல்லூரி புகுந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அஃது 18ஆம் ஆண்டு. ஆயினும் கற்றல் முடிந்தபாடில்லை. சூரிச் நகரில் யாசர்கில் 1967இல் புகுத்திய உருப்பெருக்கியின் துணைகொண்டு நுண்குழாய்களைத் தைக்கும் முறை உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது, சி.டி. ஸ்கேனும் பின்தொடர்ந்தது. விரல் நுனியாலும் ஊகத்தாலும் கற்ற தலைமுறையினர், நடுவயதில் மீண்டும் மாணவராக நேர்ந்தது. 1980களில் டான் டோக் செங் மருத்துவமனையின் மூளை அறுவைத் துறைக்குத் தலைமை ஏற்ற அவர், பின்னர்த் தனித்தொழில் நடத்தினார்.

கத்தி பிடித்த கை எழுதுகோலும் பிடித்தது. அவருடைய முதற் சிறுகதைத் தொகுதி 1981இல் வெளிவந்தது. அரசுக்கு உளவு சொல்ல இசைந்து, தான் நேசித்தவர்களையே காட்டிக்கொடுக்க நேரும் ஒருவனைப் பற்றிய அவரது நாவல் ‘எ கேண்டில் ஆர் தி சன்’ 1991இல் லண்டனில் அச்சேறிற்று; அவ்வாண்டிலேயே தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவரை அடைந்தது. நோயை மறைத்துப் பேசுதல் மருத்துவர்க்கு அழகன்று. அவ்வழக்கமே எழுத்திலும் அவரிடம் நிலைத்தது போலும். ஆங்கிலத்தில் எழுதியமையால் தமிழ் வகுப்பறைகளில் அவர் பெயர் ஒலிப்பது அரிது. எனினும் சிங்கப்பூரில் இந்திய மரபினர் ஆற்றிய பணியைக் கூறப் புகும் ஆசிரியர் அவரை விடுதல் முறையன்று.

1999ஆம் ஆண்டில் பாரதம் ஓய்வு பெற்றார், 2002இல் காலமானார். அவர் ஓய்வு பெற்ற அதே 1999இல், சிங்கப்பூரின் தேசிய நரம்பியல் நிலையம் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தோன்றியது. கற்பதற்குக் கடல் கடக்க வேண்டியிருந்த ஊர், தனக்கென ஒரு நிலையம் காண்பதற்கு ஒரு மனிதனின் தொழில் வாழ்நாள் அளவு காலம் சென்றது.

‘டாக்டராக வேண்டும்’ என்று கூறும் சிறுவன் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. தோட்டப் பள்ளியிலும் உண்டு. அவனுக்கு அத்தொழிலின் பெருமையை மட்டும் உரைத்தால் போதாது. 18 ஆண்டு நீண்ட பாதையையும், அதன் முடிவில் மீண்டும் மாணவனாக வேண்டிய கடமையையும் சேர்த்தே உரைத்தல் வேண்டும். பாதையின் நீளத்தை அறிந்து புறப்படுவோன் நடுவழியில் சோர்ந்து நில்லான்.