திண்ணைப் பள்ளியும் நம் சிறார் கல்வியும்

நம் சமூகத்துப் பெரியோர் சிலர், "திண்ணைப் பள்ளிக்கூடத்துப் படிப்பே படிப்பு, இக்காலத்துப் படிப்பு படிப்பன்று" எனக் கூட்டங்களிற் பேசக் கேட்கின்றோம். வேறு சிலரோ, ஆங்கிலேயர் வருமுன் இந்நாட்டிற் பொதுமக்கள் கற்கப் பள்ளியே இருந்ததில்லை என்பர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. மதுரை நாட்டைப் பற்றிய பழைய கணக்கொன்று நமக்குக் கிடைத்திருத்தலின், அதனை முன்வைத்து இப்பொருளைச் சிறிது ஆராய்வாம்.

சென்னை மாகாணக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில், ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கரையும் எண்ணி அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். அப்போது மதுரைக் கலெக்டராயிருந்தவர் ரௌஸ் பீட்டர். மீனாட்சியம்மைக்குப் பொற்பாதுகம் அளித்தவர் என இந்நகரத்தார் இன்றும் பேசும் துரை அவரே. 1823-இல் அவர் அனுப்பிய கணக்கின்படி இந்நாட்டிற் பள்ளிகள் 844. கற்றோர் 13,781 பேர். பள்ளியொன்றுக்குச் சற்றேறக்குறைய 16 பிள்ளைகள். அவருள் அந்தணச் சிறுவர் 1,186 பேரே; ஏனையோரெல்லாம் பிற வகுப்பினர். ஆகலின் கல்வி ஒரு குலத்தார்க்கே உரியதாயிருந்தது என்னும் கூற்று இக்கணக்கின்முன் நில்லாது.

அப்பதினாறு பிள்ளைகளும் எவ்வாறு கற்றனர்? பொழுது புலருமுன் எழுந்து திண்ணையை அடைவர். ஒவ்வொருவனும் தன் முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைவான். வரையுங்கால் அதன் ஒலியையும் உரக்கக் கூறுவான். கண் எழுத்தைக் காண, கை அதனை உணர, செவி அதனைக் கேட்கும். பிழைபட்டால் தடவிவிட்டு மீண்டும் தொடங்கலாம். தாளும் மையும் செலவில்லை. மணலிற் கை படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடிக்குப்பின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நெட்டுருவாகும். மாலையில் முறை சொல்லுதல் நடைபெறும். சட்டாம்பிள்ளையாகிய மூத்த மாணாக்கன் வாய்பாட்டைச் சொல்ல, ஏனையோர் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். இளையோன் மூத்தோனிடம் கற்றான். மூத்தோனோ கற்பித்தலால் தன் பாடத்தை மறுமுறை கற்றான்.

எண்சுவடியே அப்பள்ளியின் உயிர்நாடி எனலாம். அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி என இறங்கி, ஒன்றை 320 கூறாக்கியதில் ஒரு கூறாகிய முந்திரிவரை சிறுவர் மனக்கணக்காகச் சொல்லப் பயின்றனர். நெல் அளக்கவும், நிலத்தைக் குழியும் மாவுமாகக் கணிக்கவும், கடைப் பேரேடு எழுதவும் அது பயன்பட்டது.

இம்முறையின் சிறப்பை அயல்நாட்டாரும் கண்டனர். மன்றோவின் கணக்கெடுப்பிற்கு முன்னரே, சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் செய்விக்க விரும்பினார். உதவி உபாத்தியாயர் இணங்கவில்லை. உடனே 8 வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியோர்க்கு ஆசானாக்கினார். அவன் செவ்வனே கற்பித்தான். இவ்வனுபவத்தைப் பெல் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்த வரலாறு இது.

இனிக் குறைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். பிரம்பும், பிள்ளையைக் கயிற்றிற் பிணித்து உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டமும் அத்திண்ணையில் இருந்தன. பொருளறியாது ஒப்பித்தலும் மிகுதி. இவற்றினும் பெரிய குறையொன்றுண்டு. அதனை என் இல்லத்துச் செய்தியால் விளக்குவேன்.

என் பாட்டனார் மதுரைக்குக் கிழக்கே வயற்புறச் சிற்றூரில் திண்ணைப் பள்ளியிற் பயின்றவர். வரப்பில் நின்றபடியே நாற்புற அளவையும் கேட்டு, பிறர் காகிதத்தில் எழுதி முடிக்குமுன் குழிக்கணக்கை வாயாற் சொல்லிவிடுவார். அவரோடு அறுபதாண்டு இல்லறம் நடத்திய என் பாட்டியாரோ, நிலப் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்தார். சிறுமியாயிருந்தபோது, தம்பிமார் வீட்டில் முறை சொல்லுவதை அடுப்பங்கரையிலிருந்து கேட்டே பாதி வாய்பாட்டை மனனம் செய்துவிட்டதாக அவர் கூறியதுண்டு. செவிக்கு வழியிருந்தது, விரலுக்கு மணல் கிடைக்கவில்லை.

ரௌஸ் பீட்டரின் கணக்கிலும் இதுவே காண்கின்றோம். 13,781 பேருள் பெண்மக்கள் 105 பேரே. நூற்றுக்கு ஒருவர் வீதமுமில்லை. திண்ணை என்பது ஒருவரது வீட்டின் முகப்பு. அவ்வீதியில் நடக்கவே தடையுற்றிருந்த எளியோரின் மக்கள் அதில் எங்ஙனம் ஏறியிருத்தல் கூடும்? பழைமையைப் புகழ்வார் இவ்விரண்டையும் மறத்தல் தகாது.

அக்கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் உடற்றண்டனையை விலக்கிற்று. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கான காலைச் சிற்றுண்டித் திட்டம் நம் மதுரை மாநகராட்சிப் பள்ளியொன்றிலேயே தொடங்கப்பெற்றது.

அன்பர்காள்! திண்ணையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று, தள்ளத்தக்கது ஒன்று. வாய்க்கணக்கறிந்த முதியோர் மாலைதோறும் பேரன் பேத்தியரை அருகிருத்தி முறை சொல்விப்பாராக. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதாக. இது கொள்ளத்தக்கது. சிலரைக் கீழே நிறுத்திச் சிலரை மேலேற்றிய வழக்கம் தள்ளத்தக்கது. நம் கிளைச் சங்கத்தார் ஒவ்வொருவரும், தம் ஊரில் இடையே படிப்பை நிறுத்திய சிறுவர் சிறுமியர் எத்தனைபேர், யாது காரணம் எனக் கணக்கெடுத்துச் சங்கத்திற்கு அனுப்புவார்களாக. அக்கணக்கில் நம் குலத்துப் பிள்ளைகளோடு நில்லாது, அடுத்த தெருப் பிள்ளைகளையும் சேர்த்தெண்ணுக. ரௌஸ் பீட்டர் எண்ணியது திண்ணையில் இருந்தோரை. நாம் எண்ண வேண்டியது திண்ணைக்குக் கீழே நிற்போரை.