வில்வண்டி முதல் காயில்ஓவர் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. கார் ஓட்டுபவர்களும், பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு வெளிநாட்டு கார் வாங்கினான். வாங்கியது அவன் அம்மாவுக்காக. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர். பாகூரிலிருந்து மாதம் ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். அந்தக் காரில் அடாப்டிவ் சஸ்பென்ஷன். ரோட்டுக்குத் தகுந்தபடி தானாகவே இறுகியும் தளர்ந்தும் கொடுக்கும் ஷாக் அப்சார்பர். இப்போது இரண்டு ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. நான்கையும் மாற்றச் சொன்ன விலைக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம்.

"பெரியப்பா, இதைக் கழற்றிவிட்டு காயில்ஓவர் மாட்டச் சொல்றாங்க. வண்டி தாழ்வா, பார்க்க அழகா இருக்குமாம். மாட்டலாமா?" என்றான்.

நான் மெக்கானிக் இல்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தவன். அதனால் வரலாற்றிலிருந்தே ஆரம்பித்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் எல்லாரிடமும் கட்டை வண்டிதான். ஒரே ஒரு வீட்டில் வில்வண்டி இருந்தது. யாருக்காவது பிரசவ வலி கண்டால் அந்த வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். கட்டை வண்டியில் அச்சின் மேலேயே பாரம். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி நேராக இடுப்பில் விழும். வில்வண்டியில் இரண்டுக்கும் நடுவே, வளைத்து அடுக்கிய இரும்புப் பட்டைகள் இருக்கும். அதுதான் வில். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் வில் தொடர்ந்து ஆடாமல் சீக்கிரம் அடங்கிவிடும்.

கார்களிலும் இந்தப் பட்டை வில் நெடுங்காலம் இருந்தது. நம் அம்பாசடருக்கு 2014இல் உற்பத்தி நிற்கும்வரை பின்பக்கம் பட்டை வில்தான். பிறகு சுருள் வில் பரவியது. எடை குறைவு, மென்மை அதிகம். ஆனால் பட்டைகளின் உரசல் இல்லாததால் ஒருமுறை அமுங்கினால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்க ஷாக் அப்சார்பர் தேவை. அதற்குள் எண்ணெயும், துளை போட்ட பிஸ்டனும் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளை வழியே நெருக்கியடித்துப் போகும்போது, ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக்.

சிக்கல் துளையின் அளவில். துளை சிறிதானால் வேகத்தில் வண்டி நிலையாக நிற்கும், பள்ளத்தில் உடம்பு குலுங்கும். துளை பெரிதானால் உடம்புக்குச் சுகம், வளைவில் வண்டி சாயும். இரண்டையும் ஒன்றாகப் பெற முடியுமா என்பதுதான் பல ஆண்டுத் தேடல்.

இதில் பெரிய முயற்சி ஒன்று, நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுடையது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி ஆட்சி அவர்கள் கையைவிட்டு நம் கைக்கு வந்தது. மறு வருடம் அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் கம்பெனி டி.எஸ். காரை நிறுத்தியது. போல் மாஜெஸ் என்பவர் உருவாக்கிய அமைப்பு அதில் இருந்தது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் உருண்டைக் குடுவைகளில் நைட்ரஜன் வாயு, அதை அழுத்தும் எண்ணெய். எத்தனை பேர் ஏறினாலும் உயரம் மாறாது. முதல் நாளே சுமார் 12,000 பேர் ஆர்டர் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆறாம் நாள், பாரிஸ் அருகே அதிபர் தெ கோல் போன டி.எஸ். காரைச் சுட்டார்கள். டயர் பஞ்சரான நிலையிலும் கார் நிலைதடுமாறாமல் அவரைக் காப்பாற்றிக் கொண்டுபோனது.

மின்னணு முறை பின்னால் வந்தது. 1983இல் டொயோட்டா சோரர் காரில் ஷாக்கின் இறுக்கத்தைக் கம்ப்யூட்டரே மாற்றியது. 2002இல் கேடிலாக் செவில் காரில் இரும்புத்துகள் கலந்த எண்ணெய் வந்தது. காந்தப்புலம் பட்டால் கண்ணிமைப்பதற்குள் அது கெட்டியாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். சித்ரோயனே 2017இல் அந்தப் புகழ்பெற்ற அமைப்பை நிறுத்திவிட்டது. 2021இல் இந்தியாவுக்கு வந்த சி5 ஏர்கிராஸில் சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக்கும்தான். ஆனால் ஷாக்கின் இரண்டு முனையிலும் பெரிய அடியைத் தாங்க எண்ணெய் மெத்தை வைத்தார்கள். கம்ப்யூட்டரைக் கழற்றினார்கள், பயணியின் சுகத்தை மறக்கவில்லை.

தம்பி மகனிடமும் இதைத்தான் சொன்னேன். கழற்றுவது தப்பில்லை. அது எதற்காக இருந்தது என்பதை மறந்து கழற்றுவதுதான் தப்பு.

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் செட். மரை திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரும்பாலும் வேகமாக வளைவில் திரும்புகிறவர்களுக்காகச் செய்வது. ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரம் ஏறி இறங்கும் இடம் குறையும். நம் ஊர் வேகத்தடையில் அடிப்பாகம் தட்டும். வயரைப் பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டர் பழைய ஷாக்கைத் தேடி எச்சரிக்கை விளக்கைப் போடும். அதற்கென்று உள்ள கருவியை வைத்தால்தான் விளக்கு அணையும். எது மாற்றினாலும் ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவில் வேறு கம்பெனி ஷாக் போடுவது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. இன்சூரன்ஸ்காரரிடமும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

"முதலில் அம்மாவை ஒரு காயில்ஓவர் காரில் உட்கார வைத்துப் பார்" என்றேன். நண்பன் காரில் வில்லியனூர் வரை கூட்டிப் போனான். முதல் வேகத்தடையிலேயே அம்மா முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டான்.

கடைசியில் பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்து, அதே உயரத்தில் சாதாரண ஷாக் போட்டான். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். "முன்ன மாதிரி இல்ல. ஆனா தாங்கிக்கலாம்" என்றார் என் தம்பி மனைவி. அது நேர்மையான தீர்ப்பு.

அன்று வில்வண்டி கேட்டு ஓடியவர்கள் வண்டியின் அழகைப் பார்த்து ஓடவில்லை. நீங்களும் சஸ்பென்ஷனை மாற்றும் முன் பின்சீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் ஊரில் வில்வண்டி யார் வீட்டில் இருந்தது? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.