விறகா, வாயுவா, அகச்சிவப்பா? கண்டி வெதுப்பகங்களின் போறணைக் கணக்கு

2022 மார்ச் மாதம் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடு முழுவதும் சுமார் ஆயிரம் வெதுப்பகங்கள் மூடப்பட்டுவிட்டதாக அகில இலங்கை வெதுப்பக உரிமையாளர்கள் சங்கம் சொன்னது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியது. மின்சாரப் போறணையை நம்பியவர்களுக்கும் வழியில்லை. அதே மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. பழைய செங்கல் போறணையை இடிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு விறகாவது மிஞ்சியது.

வடக்கில் இருப்பவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1990க்குப் பின்னர் யாழ். குடாநாட்டுக்கு 'லக்சபான கரண்ட்' நெடுங்காலம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் இல்லை. கோதுமை மா வந்த நாட்களில் பாண் வெந்தது விறகில்தான். ஆகவே ஒரு போறணையைப் பற்றிப் பேசும்போது அது எத்தனை நிமிடத்தில் சுடுகிறது என்று கேட்பதற்கு முன்னர், அது எதை நம்பி நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம் என உயர்ந்த மின்கட்டணம் பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டது. அதோடு மின்சாரப் போறணைப் பேச்சும் திரும்பியிருக்கிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டி நகரத்தில் விறகுப் புகை எளிதில் கலைவதில்லை என்பதும் ஒரு காரணம். விற்பனையாளர்கள் இப்போது முன்வைக்கும் சொல் 'இன்ஃப்ராரெட்', அதாவது அகச்சிவப்பு. எங்கள் பாடப்புத்தகங்களில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்ததும் இதுதான்.

முதலில் ஒரு பயத்தை அகற்றிவிடலாம். 'கதிர்' என்றவுடன் எக்ஸ் கதிரையோ அணுக் கதிரையோ நினைக்க வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும்போது முதுகில் உறைப்பதும், தணலுக்கு முன்னால் முகத்தில் அடிப்பதும் அகச்சிவப்புத்தான். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். மைக்ரோவேவ் அடுப்பு இதிலிருந்து வேறானது. அதன் அலைகள் உணவின் உள்ளே சில சென்ரிமீற்றர் வரை போகும். அகச்சிவப்பு மேற்பரப்போடு, அதிகம் போனால் சில மில்லிமீற்றரோடு நின்றுவிடும்.

விற்பனைத் துண்டுப்பிரசுரங்கள் சொல்லாத விடயம், எங்கள் விறகுப் போறணையே ஓர் அகச்சிவப்புப் போறணை என்பது. உள்ளே விறகை எரித்து, தணலை வாரி ஒதுக்கி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, கதவை மூடிய பின்னர் அங்கே நெருப்பு இல்லை. சூடேறிய வளைகூரையும் சுவரும் கதிர் வீசுகின்றன. தளம் அடியிலிருந்து கடத்துகிறது. 250 பாகை செல்சியசில் இருக்கும் செங்கல் வீசும் கதிரின் உச்ச அலைநீளம் ஏறக்குறைய 5.5 மைக்ரோமீற்றர். பழைய பாஸ்மார் பாண் அச்சின் கறுப்பைச் சுரண்டிக் கழுவ விடமாட்டார்கள். புது அச்சை மாவில்லாமல் ஒருமுறை போறணையில் சுட்டெடுத்த பின்னரே பாவிப்பார்கள். பளபளக்கும் தகரம் கதிரைத் திருப்பி அனுப்பும், கறுத்த தகரம் உறிஞ்சும் என்ற பௌதிகத்தைப் பெயர் சொல்லாமலே கையாண்டவர்கள் அவர்கள்.

புதிய மூலகங்கள் செய்வது அதே வேலையை, அதிக வெப்பநிலையில். 500 பாகையில் இருக்கும் செரமிக் மூலகத்தின் உச்சம் 3.7 மைக்ரோமீற்றருக்கு அருகில். நிக்குரோம் சுருள் உள்ள குவார்ட்ஸ் குழாய் 900 பாகையில் எரியும்போது 2.5. ஹலோஜன் விளக்கின் தங்குதன் இழை 2,200 பாகையில் 1.2 அளவில் நிற்கும். மாவில் இருக்கும் நீர் 3 மைக்ரோமீற்றர் பகுதியை மிக நன்றாக உறிஞ்சுவதால், செரமிக், குவார்ட்ஸ் இரண்டின் வெப்பமும் தோலிலேயே தங்கும். ஹலோஜனின் குறுகிய அலை சற்று ஆழம் போகும். கதிரின் பலம் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எனவே ஒரே பரப்பளவில் 500 பாகை செரமிக், 250 பாகைச் சுவரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கதிர் வீசும்.

ஐந்து மடங்கு என்றால் பாணும் ஐந்து மடங்கு வேகமாக வேகுமா? இல்லை. மெல்லிய பண்டங்களில், அதாவது றோஸ்ட் பாண், பீற்சா அடி, பிஸ்கற், ரொட்டி வகைகளில், மேற்பரப்புக்கும் நடுவுக்கும் தூரம் குறைவு. அங்கே கால் பங்கு முதல் பாதி நேரம் வரை மிச்சமாகும். 450 கிராம் அச்சுப் பாணின் நடுப்பகுதி 95 பாகையை நெருங்க வேண்டும். அந்தச் சூடு மாவுக்குள்ளே மெதுவாக நடந்துதான் போகும்; வெளியிலிருந்து எவ்வளவு அடித்தாலும் அதன் நடை பெரிதாக மாறாது. அவசரப்படுத்தினால் தோல் முதலில் இறுகிவிடும். பாண் எழும்ப இடமில்லாமல் பக்கவாட்டில் வெடிக்கும்; மேல் கருகி, உள்ளே மா பிசுபிசுக்கும். அச்சின் பக்கங்களைக் கதிர் நேரே பார்க்காததால் அவை வெளுத்தே இருக்கும். அளவுக்கு மீறிய கருகலில் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடும் என்பதும் கவனிக்க வேண்டியது. பெரிய ஆலைகளில் அகச்சிவப்பைத் தனியே விடாமல், சூடான காற்றோடு சேர்த்தோ நிறம் ஏற்றும் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமோ பாவிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு இறாத்தல் பாணுக்கு ஏறக்குறைய 510 கிராம் மாவுருண்டை வேண்டும். அதை அறை வெப்பத்திலிருந்து 97 பாகைக்கு ஏற்றவும், ஐம்பது அறுபது கிராம் நீரை ஆவியாக்கவும் தேவைப்படும் சக்தி சுமார் 0.06 அலகு மின்சாரம். ஆயிரம் பாணுக்கு 60 அலகு. இது எந்தப் போறணையாலும் தவிர்க்க முடியாத அடிக்கணக்கு. சுவர், கதவு, அச்சு, வெளியேறும் நீராவி எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றால் 120 அலகு. 'மின்சாரம் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும்' என்று யாராவது சொன்னால், அவர் பாணை வேகவைக்காமல் விற்கச் சொல்கிறார். அகச்சிவப்பு மிச்சம் பிடிப்பது அந்த வீணான பாதியில்தான், குறிப்பாக முன்கூட்டிச் சூடேற்றும் நேரத்தில். ஹலோஜன் ஓரிரு வினாடியிலும் குவார்ட்ஸ் அரை நிமிடத்திலும் தயாராகிவிடும். செரமிக்குக்குச் சில நிமிடங்கள் போகும். செங்கல் போறணைக்கு மணிக்கணக்கு வேண்டும். ஆனால் ஒருமுறை சூடேறிய செங்கல் அடுத்தடுத்து பல ஈடு சுட்டுத் தரும். இரவு முழுக்க நிறுத்தாமல் சுடுபவருக்கு அகச்சிவப்பின் வேகத் தொடக்கத்தால் பெரிய இலாபம் இல்லை. மாலையில் ஒரு மணிநேரம் பணிசும் றோஸ்ட் பாணும் போட்டு சூன் பாண் ஆட்டோவுக்கு ஏற்றுபவருக்கு உண்டு.

சுடும் நேரம் குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும். 2024இல் நுகர்வோர் அதிகார சபை பாணின் எடையை 450 கிராம் என்று வர்த்தமானியில் நிர்ணயித்து, 13.5 கிராம் குறைவு வரை மட்டும் அனுமதித்தது. எடைக்குப் பயந்து அதிக மா போடும் சிறு வெதுப்பகத்துக்குப் பாணொன்றில் ஐந்து கிராம்கூடப் பெரிய விடயம்.

மின் இணைப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தை விட முடியாது. வீட்டுக்கு வரும் 30 அம்பியர் ஒற்றை அவத்தை இணைப்பில் 7 கிலோவோற்றுக்கு மேல் ஏற்ற முடியாது. 24 கிலோவோற் போறணைக்கு மூன்று அவத்தையும் 35 அம்பியரும் வேண்டும். மொத்தச் சுமை 42 கேவிஏயைத் தாண்டினால் கைத்தொழில் கட்டணத்தில் அடுத்த வகைக்குப் போவீர்கள். அங்கே அலகுக் கட்டணத்துக்கு மேலாக உச்சக் கேள்விக்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே ஆறுதல், அந்த வகையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு விலை குறைவு. பாண் வேகும் நேரமும் அதுதான். மாலை 6.30 முதல் 10.30 வரை விலை கூடிய நேரம்.

சீனாவிலிருந்து வரும் டெக் போறணைகள் பலவற்றில் 'தூர அகச்சிவப்பு உணவுப் போறணை' என்று ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அவை சாதாரண உலோகக் குழாய் மூலகங்கள்தான். சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பு வீசும் என்பதால் அது பொய்யும் அல்ல, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கதவைத் திறந்து பாருங்கள். மூலகம் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அது வழக்கமான போறணை. பாணை நேரே பார்த்தபடி, பின்னால் பளபளக்கும் பிரதிபலிப்பானோடு இருந்தால் விற்பவர் சொல்வதில் அர்த்தம் உண்டு. 380 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டதை எங்கள் 400 வோல்ற்றில் போட்டால் 11 வீதம் அதிகமாக எரிந்து மூலகம் சீக்கிரம் அறுந்துபோகும். மறுபுறம், நீண்ட மலைப்பாதை மின்கம்பியின் கடைசியில் இருப்பவர்களுக்கு மாலையில் 230 வோல்ற் 200 ஆக விழுந்தால் வெப்பம் கால் பங்கு குறையும். அதே பாண், அதே நேரம், ஆனால் வெளிறிய தோல்.

குவார்ட்ஸ் கண்ணாடியைப் போல உடையும். பாணுக்கு மேலே தொங்கும் குழாய்க்குக் கீழே வலையோ வெப்பக் கண்ணாடியோ இல்லாத போறணையை வாங்கவே வேண்டாம். பிரதிபலிப்பானில் மாத் தூசி படிந்தால் கதிர் குறையும், தூசியே தீய்ந்து மணக்கும். வாரம் ஒருமுறையாவது, ஆறிய பின்னர், துடைக்க வேண்டும். உதிரி மூலகம் கண்டியிலோ கொழும்பிலோ கிடைக்குமா என்பதை லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள். வாழ்வாதார உதவியாகவோ கடனிலோ வந்த பொறி, ஒரு சிறு பாகம் இல்லாமல் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் காட்சி எங்கள் பக்கம் நிறையவே உண்டு. கடன் மட்டும் தவணை தவறாமல் வரும்.

என் அபிப்பிராயத்தில், சிறு வெதுப்பகம் ஒன்றுக்கு இப்போதைக்குப் பொருத்தமானது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு: அச்சுப் பாணுக்குப் பழைய செங்கல் போறணை, மெல்லிய பண்டங்களுக்கும் நிறம் ஏற்றுவதற்கும் ஒற்றை அவத்தையில் ஓடும் 3 கிலோவோற் அகச்சிவப்புப் போறணை. வாயுவில் எரியும் அகச்சிவப்பு பேர்ணர்களும் உண்டு. துளைகள் உள்ள செரமிக் தகடு சிவந்து கதிர் வீசும். மின்வெட்டுக்கு அவை தப்பும், 2022இன் வாயு வரிசைக்குத் தப்பாது.

வாங்க முடிவு செய்தால், உங்கள் மாவையும் உங்கள் அச்சையும் எடுத்துக்கொண்டு காட்சியறைக்குப் போங்கள். மின்மானியைச் சுடுமுன்னும் சுட்ட பின்னும் வாசியுங்கள். பாணின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். கண்டியின் உயரம் ஏறக்குறைய 500 மீற்றர், தண்ணீர் 98 பாகையில் கொதிக்கும். அங்கே 95 காட்டினால் பாண் வெந்துவிட்டது. நுவரெலியாவுக்கு வாங்குகிறவர்கள் அந்த இலக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கே தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், பாண் கருகினாலும் நடுவில் 95 வராது, 92 போதும்.