இமாம் கஸ்ஸாலி துறந்ததும் துறவாததும்

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு துல்கஃதா மாதத்தில், அதாவது கி.பி. 1095 நவம்பரில், பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர் பதவியைத் துறந்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். கையிலிருந்த அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு வெறுங்கையராய்ச் சென்றார்கள் என்றே பயான்களில் கேட்டு வந்திருக்கிறோம். இளமையில் நானும் அவ்வாறே பேசியவன். ஒருமுறை பயான் முடிந்ததும் முதியவர் ஒருவர் அருகே வந்து, "ஹஜ்ரத், அவங்க பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் படித்த நூலிலேயே அது இருந்தது என்பதுதான் வெட்கம்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராஸானைச் சேர்ந்த தூஸில் பிறந்தவர்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. மரணத் தறுவாயில் தம் மைந்தர் இருவரையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் விட்டுச் சென்ற சிறுதொகை தீர்ந்ததும், "மத்ரஸாவில் சேருங்கள், உணவுக்கும் வழி பிறக்கும்" என்று அந்நண்பர் சிறுவர்களுக்கு யோசனை கூறினார் என வரலாற்றாசிரியர் சுப்கீ எழுதுகிறார். ஆக, கல்வியின் வாயிலுக்கு அவர்களை முதலில் அழைத்து வந்தது பசி. அந்தப் பசியை அறிந்தவர் தம் பிள்ளைகளை அதற்கு ஆளாக்கியிருப்பாரா?

நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீயிடம் பயின்று, அவர் 1085இல் மறைந்தபின் ஸல்ஜூக் பேரரசின் வஸீர் நிஜாமுல் முல்கின் அவையை அடைந்து, ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பக்தாத் பதவியை ஏற்றார்கள். அவர்களிடம் பாடம் கேட்ட மாணவர் 300 பேர். நகருள் நுழைந்தபோது அவர்களுடைய உடையும் வாகனமும் 500 தீனார் மதிப்புடையன என்று இப்னுல் ஜவ்ஸீ குறிக்கிறார். இதற்குமேல் ஓர் ஆலிம் எதை அடைய முடியும்?

ஆயினும் உள்ளம் நிறையவில்லை. கற்பிக்கும் கல்வி மறுமைக்கு உதவுவதாய்த் தோன்றவில்லை. கற்பிக்கும் எண்ணத்தை ஆராய்ந்தபோதோ, அதில் புகழாசையே தென்பட்டது. இவற்றைத் தம் 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்கள். போவதா, இருப்பதா என்ற போராட்டம் ரஜப் மாதத்தில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. மாணவர்முன் அமர்ந்தால் நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர்களுக்கு, நா எழாத அந்நிலையின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இனி, அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். தம்மிடமிருந்த செல்வத்தைப் பகிர்ந்தளித்தபோது, தமக்குப் போதுமான அளவையும் குழந்தைகளின் உணவுக்கு உரியதையும் நிறுத்திக்கொண்டதாக இமாமவர்களே எழுதுகிறார்கள். அவர்கள் ஆண்ட சொல் 'கஃபாஃப்'. மிகுதியும் இன்றிக் குறைவும் இன்றித் தேவையோடு நிற்கும் அளவு என்பது அதன் பொருள். அத்தோடு விடவில்லை, அதற்கும் ஷரீஅத்தின் அனுமதியைத் தேடுகிறார்கள். ஈராக்கின் விளைநிலங்களை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் படைவீரர்க்கு உடைமையாக்காமல் முஸ்லிம்கள் அனைவருக்குமாக நிறுத்தினார்கள். அவை வக்ஃப் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்காகப் பெறத்தக்க பொருளில் இதனினும் ஏற்றதை உலகில் தாம் கண்டதில்லை என்பது இமாமவர்களின் வாதம். கொடுத்ததை ஒரே சொல்லில் முடித்தவர்கள், வைத்துக்கொண்டதற்கு இத்துணை விளக்கம் தருகிறார்கள்! நாமோ பயானில் முன்னதைப் பெரிதாக்கிப் பின்னதை விழுங்கிவிட்டோம்.

மத்ரஸாவையும் அவர்கள் அநாதையாக விடவில்லை. இளவல் அஹ்மத் கஸ்ஸாலி அவர்களின் இடத்தில் இருந்து பாடம் நடத்தினார். மக்காவுக்குச் செல்வதாகக் கூறிவிட்டு ஷாம் நாட்டுக்குப் போனார்கள். கலீபாவும் நண்பர்களும் தடுப்பார்கள் என்ற எண்ணமே காரணம். 1092இல் நிஜாமுல் முல்க் பாத்தினிய்யாக்களால் கொல்லப்பட்டதால் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள் என்பாரும் உளர். அச்சமும் இருந்திருக்கலாம், ஆனால் அச்சம் மட்டுமே கொண்டவர் மீண்டும் பெரும்பதவி தேடி வந்தபோது மறுக்கக் காரணமில்லை.

திமிஷ்கின் ஜாமிஆப் பள்ளி மினாராவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்ததும், பைத்துல் முகத்தஸ் சென்றதும் பலரும் அறிந்தவை. ஹிஜ்ரி 489இல் கலீல் நகரில், இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று உறுதிகள் பூண்டார்கள்: அரசரின் அவைக்குச் செல்வதில்லை, அரசரின் பொருளைப் பெறுவதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை. இவற்றுள் நடுவிலுள்ளது, வீட்டில் அரிசிப்பானை காலியாயிருப்பவன் எளிதில் காக்கக்கூடியதன்று. ஹஜ்ஜுக்குப்பின் பிள்ளைகளின் அழைப்பே தம்மை ஊருக்கு இழுத்தது என்றும் எழுதுகிறார்கள்.

ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) வஸீர் பக்ருல் முல்கின் வற்புறுத்தலால் நீஷாப்பூரில் சிலகாலம் கற்பித்தார்கள். பின்பு தூஸில், தம் இல்லத்தருகே மாணவர்க்கு மத்ரஸாவும் சூஃபிகளுக்கு கான்காஹும் அமைந்தன.

ஹிஜ்ரி 504இல் பக்தாத் நிஜாமிய்யா மீண்டும் அழைத்தது. அதே இருக்கை, அதே சிறப்பு. பாரசீகத்தில் எழுதிய மறுப்புக் கடிதத்தில் இமாமவர்கள் சொன்ன காரணங்கள் மிக எளியவை. இங்கே 150 மாணவர்கள் இருக்கின்றனர். முன்னர் பக்தாத் வந்தபோது பிள்ளைகள் இல்லை, இப்போது இருக்கின்றனர். கலீலில் பூண்ட உறுதிகள் உள்ளன. இறுதியாக, உதவித்தொகை பெறுவதில்லை என்றிருக்கிறேன், பக்தாதில் எனக்கு நிலமில்லை. தூஸில் உள்ள சிறு நிலமோ, சிக்கனமாயிருந்தால் எனக்கும் பிள்ளைகளுக்கும் போதும். நான் அகன்றால் அதுவும் பாழாகும் என்றார்கள்.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14இல் (1111 டிசம்பர் 18) தூஸிலேயே மறைந்தார்கள். அவர்களை நேரில் அறிந்த நீஷாப்பூர் அப்துல் காஃபிர் ஃபாரிஸீ எழுதிய குறிப்பில், அவர்களுக்குப்பின் எஞ்சியோர் பெண்மக்களே என்றும், மரபுவழியாகவும் உழைப்பாலும் வந்த பொருள் குடும்பச் செலவுக்குப் போதுமாயிருந்தது என்றும், பிறர் கொண்டுவந்த செல்வத்தை அவர்கள் ஏற்கவில்லை என்றும் காணப்படுகிறது.